முதியோர் இல்லத்து மருந்தலுமாரி

நமது சமூகத்திலே தர்மம் செய்வதற்கென்று சில நாட்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. பிறந்த நாள், திருமண நாள், தாய் தந்தையரின் ஆண்டுத் திவசம், பிள்ளை பரீட்சையிலே தேறிய நாள். இவற்றுள் ஏதாவதொன்று வந்ததும் முதியோர் இல்லத்தின் நினைவும் கூடவே வருகிறது. ஒரு நேரச் சாப்பாட்டுக்குப் பணங் கட்டுகிறார்கள். கட்டியவரின் பெயர் வாசலிலுள்ள கரும்பலகையில் எழுதப்படுகிறது. இதிலே குற்றங் காண நாம் முற்படவில்லை. அந்தச் சாப்பாடு இல்லாவிடில் பல இல்லங்களில் அடுப்பெரியாது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் இந்தச் சாப்பாட்டுத் தர்மத்தின் பின்னால், அதிகம் பேசப்படாத இன்னொரு தர்மமும் கடந்த சில ஆண்டுகளாய் வளர்ந்து வருகிறது. வீட்டிலே ஒருவர் காலமானதும் அவர் பாவித்து எஞ்சிய மருந்துகளைப் பையொன்றிற் கட்டி முதியோர் இல்லத்திலே கொண்டு வந்து கொடுப்பதுதான் அது.

அந்தியேட்டி முடிந்து வீட்டை ஒதுக்கும்போது வேட்டி சட்டை ஒருவருக்கு, ஊன்றுகோல் இன்னொருவருக்கு என்று பங்கிடப்படுகின்றன. மருந்தை என்ன செய்வது? எறிய மனம் வருவதில்லை. விலை கொடுத்து வாங்கியவை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே கடை கடையாய் ஏறியிறங்கித் தேடியவை. அவற்றைக் குப்பையிலே போடுவது பாவம் என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தை நாம் இகழ மாட்டோம். ஆயினும், எறிய மனமில்லாத பொருளை முதியோரிடம் கொடுக்க மட்டும் மனம் வருகிறதே, அது ஏன் என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை. தம் பிள்ளைக்குக் கொடுக்கும் பாணி மருந்தின் திகதியை இரண்டு முறை பார்க்கும் அதே கைகள், இல்லத்துக்கான பையைக் கட்டும்போது ஒரு முறையேனும் பார்ப்பதில்லை.

நாம் குறிப்பிடும் இல்லம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமமொன்றில் இருக்கிறது. அதன் பெயர் இங்கு தேவையில்லை. அங்குள்ள நிலைமை அந்த இல்லத்துக்கு மட்டும் உரியதன்று. 34 முதியோர் வாழ்கிறார்கள். பலருக்குப் பிள்ளைகள் உண்டு. பிள்ளைகளுக்கு இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் சூரிச்சிலும் வீடுகள் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். போரும் புலம்பெயர்வும் இளையோரை அள்ளிச் சென்ற வடபுலத்திலே முதுமை இன்னும் தனித்துப் போயிருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர் சிலரும், உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் மாணவர் இருவருமாக நாம் சனிக்கிழமைகளில் அங்கு போய்ப் பத்திரிகை வாசித்துக் காட்டுவதும் கடிதம் எழுதிக் கொடுப்பதும் வழக்கம். மருந்தலுமாரியைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை, 2023ஆம் ஆண்டு மாரி காலத்திலே நிகழ்ந்த ஒரு மரணத்தோடு வந்தது.

இறந்தவர் சுருட்டுத் தொழிலாளியாய் இருந்தவர். வயது 81. கொட்டிலிலே சுருட்டுச் சுற்றும்போது ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டிருக்கும் அந்தக் காலத்துப் பழக்கத்தில் வளர்ந்தவர். ஆகையால் நமது வாசிப்புக்கு அவரே முதல் இரசிகர். வாசிப்பவர் ஒரு சொல்லை விழுங்கினாலும் விடமாட்டார். அவருக்கு நெஞ்சு நோ இருந்தது. நாவின் கீழ் வைக்கும் கிளிசரைல் திரைநைத்திரேற்றுக் குளிசை கொடுக்கப்பட்டிருந்தது. ஓரிரவு நோ வந்தது. குளிசை வைத்தார்கள், நோ தணியவில்லை. இரண்டாவது வைத்தார்கள், தணியவில்லை. ஓட்டோ வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக நேரமாயிற்று. மறுநாள் காலை அவர் உயிர் பிரிந்தது.

அந்தக் குளிசைகள் எங்கே இருந்தன? வேறொரு வீட்டிலிருந்து வந்த போத்தலிலிருந்து கொட்டப்பட்டு, கடதாசி உறையொன்றிலே, பல மாதங்களாய் இருந்தன. இம்மருந்து ஆவியாகிப் போகும் இயல்புடையது. இறுக மூடிய கண்ணாடிப் போத்தலிலேயே அதை வைத்திருக்க வேண்டும். போத்தலைத் திறந்து எட்டு வாரங்களானதும் மிச்சத்தை அகற்றிவிட வேண்டும் என்பது வைத்திய உலகில் நன்கறியப்பட்ட விதி. கடதாசி உறையிலே பல மாதங் கிடந்த குளிசை, குளிசையின் உருவத்தை மட்டுமே கொண்டிருந்திருக்கும். மருந்து வீரியத்தோடு இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? எந்த வைத்தியரும் அதனை உறுதியாய்ச் சொல்லார். நாமும் சொல்ல வரவில்லை. நோ தணியும் என்று நம்பி அவர் இரண்டு முறை வாய் திறந்தார் என்பதையும், அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாய் அந்த உறையில் எதுவும் இருந்திருக்க முடியாது என்பதையுமே சொல்கிறோம்.

இவ்விடத்திலே காலாவதித் திகதி என்பதன் பொருளைச் சற்று விளங்கிக் கொள்ளுதல் நன்று. ஏனெனில், இதைப் பற்றி நம்மிடையே இரண்டு மூட நம்பிக்கைகள் உலவுகின்றன. திகதி கடந்த மறுநாளே மருந்து நஞ்சாகி விடும் என்பது ஒன்று. திகதியெல்லாம் கம்பனிக்காரனின் வியாபாரத் தந்திரம், மருந்து எப்போதும் நல்லதே என்பது மற்றொன்று. உண்மையில் அந்தத் திகதி ஒரு பொறுப்பேற்பு. திறக்கப்படாத மூல உறையிலே, குறித்த வெப்பநிலையிலே, ஈரமும் வெளிச்சமும் படாமல் வைத்திருந்தால், இந்த நாள்வரை மருந்தின் வீரியமும் தூய்மையும் குறித்த அளவுக்குக் கீழே போகா என்று உற்பத்தியாளர் பொறுப்பேற்கிறார். அந்நாளுக்குப் பின் என்ன நடக்கும் என்பதற்கு அவர் பொறுப்பல்லர். நாளுக்கு முன்னரும் நாம் நிபந்தனையை மீறினால் அவர் பொறுப்பல்லர். இந்த இரண்டாவது பகுதியை நாம் வசதியாய் மறந்து விடுகிறோம்.

இல்லத்தின் பொருளாளர் இணையத்திலே வாசித்த ஓர் ஆய்வை நம்மிடம் எடுத்துக் காட்டினார். அது மெய்யான ஆய்வுதான். அமெரிக்க இராணுவத்தின் களஞ்சியங்களிலுள்ள மருந்துகளை வீணாக்காதிருக்கும் பொருட்டு 1986ஆம் ஆண்டிலிருந்து அந்நாட்டு அரசு அவற்றைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து வந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, 122 வகை மருந்துகளில் நூற்றுக்கு 88 தொகுதிகள் திகதி கடந்து ஓராண்டுக்கு மேலும் தகுதியோடு இருந்தன. சராசரி நீடிப்பு 66 மாதங்கள். பொருளாளர் வெற்றிப் புன்னகையோடு நம்மைப் பார்த்தார்.

“பாருங்கோ மாஸ்டர். சனம் மருந்தில்லாமல் சாகுது. நீங்கள் இஞ்சை கிடக்கிறதை எறியச் சொல்லுறியள்.”

அவருடைய ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்த ஆய்வுக்குட்பட்ட மருந்துகள் முத்திரை உடைக்கப்படாத மூலப் பெட்டிகளிலே, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியங்களிலே இருந்தவை. ஒவ்வொரு தொகுதியும் ஆய்வுகூடத்திலே சோதிக்கப்பட்டது. நமது இல்லத்து அலுமாரியோ அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழே, சமையற்கட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. மறுபக்கம் அடுப்பு. பங்குனி, சித்திரையிலே அதன் கதவைத் திறந்தால் முகத்திலே வெக்கை அடிக்கும். மாணவரொருவர் வெப்பமானி கொண்டு வந்து உள்ளே வைத்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு 37 பாகை செல்சியஸ் காட்டியது. “30 பாகைக்குக் கீழே வைக்கவும்” என்று அச்சிட்ட பெட்டிகள் அந்த வெக்கைக்குள்ளேதான் அடுக்கப்பட்டிருந்தன. அமெரிக்க இராணுவத்தின் களஞ்சியத்தையும் நமது சமையற்கட்டுச் சுவரையும் ஒன்றாய் எண்ணுவது விஞ்ஞானமன்று.

எல்லா மருந்தும் ஒரே விதமாய்ப் பழுதாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அஸ்பிரின் ஈரம் பட்டால் உடைந்து அசற்றிக்கமிலம் உண்டாகும். போத்தலைத் திறந்ததும் வினாகிரி மணம் வருவது அதனாலேதான். இன்சுலின் வெப்பத்திலே வீரியம் இழக்கும், ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வைத்தால் பெரும்பாலான வகைகளுக்கு 28 நாட்களே தவணை. கண்ணுக்கு விடும் துளி மருந்து, போத்தலிலே அச்சிட்ட திகதி இரண்டாண்டு தள்ளியிருந்தாலும், திறந்து நான்கு வாரங்களானதும் அகற்றப்பட வேண்டியது, கிருமி புகுந்துவிடும். தண்ணீர் கலந்த அன்ரிபயோற்றிக் பாணிக்கு ஒன்றிரண்டு வாரங்களே ஆயுள். பழுதடைந்த ரெற்றாசைக்கிளின் சிறுநீரகத்தைத் தாக்கியமை 1963ஆம் ஆண்டிலேயே வைத்திய சஞ்சிகைகளிற் பதிவாகியிருக்கிறது. ஆக, திகதி கடந்தவற்றுட் பெரும்பாலானவை கொல்வதில்லை. வேலை செய்யாது விடுகின்றன. அமுக்கமும் சலரோகமும் இருதய நோயும் உள்ள ஒருவருக்கு மருந்து வேலை செய்யாது விடுவதே போதிய ஆபத்தன்றோ?

மூன்று சனிக்கிழமைகள் நாம் அந்த அலுமாரியோடு மன்றாடினோம். மேசையிலே வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றாய் எடுத்து, பெயரும் திகதியும் உரியவரும் எழுதினோம். மிகப் பழையது 2014ஆம் ஆண்டுடன் முடிந்த இருமற் பாணியொன்று. பாதிக்கு மேற்பட்டவற்றுக்குத் திகதியே இல்லை. நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளிலே குளிசைகளை எண்ணிச் சிறு கடதாசி உறைகளிலே போட்டு, மேலே பெயரும் வேளையும் எழுதிக் கொடுப்பதை எல்லோரும் கண்டிருப்போம். இலவச வைத்தியத்தின் அடையாளமான அந்தச் சிறிய உறையை நாம் மதிக்கிறோம். ஒரு மாதத்துக்குக் கொடுத்த மருந்து ஒரு மாதத்திலே முடிந்துவிட்டால் அதனால் எந்தக் கெடுதியும் இல்லை. ஆனால் கிளினிக்கிலே மருந்து மாற்றப்படும்போது பழைய உறை மிஞ்சுகிறது; ஒருவர் இறக்கும்போது மிஞ்சுகிறது; அடுத்தவருக்கென்று ஒதுக்கப்படுகிறது. எழுத்து அழிந்து, உறை நைந்து, கடைசியிலே எவருடையதென்றும் எதற்கென்றும் தெரியாத வெள்ளைக் குளிசைகளாய் ஒரு பழைய பிஸ்கட் பேணிக்குள்ளே சேருகின்றன. அத்தகைய பேணிகள் மூன்று இருந்தன.

இவற்றைக் கையாளும் பெண்ணைப் பற்றி இங்கு சொல்லியாக வேண்டும். போரிலே கணவனை இழந்தவர்; இரு பிள்ளைகளின் தாய். பராமரிப்பாளர் என்பது பதவிப் பெயர். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது, இரவில் எழும்பித் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவரும் இன்னும் இருவரும். அவற்றோடு நாளொன்றுக்கு 200க்கு மேற்பட்ட குளிசைகளை 34 பேருக்கு வேளை தவறாமற் பிரித்துக் கொடுக்கவும் வேண்டும். அதற்கென எந்தப் பயிற்சியும் கொடுக்கப்படவில்லை. அவர் ஒரு நாள் நம்மிடம் சொன்னது இது:

“உறையிலை திகதி இல்லை, சேர். பெயரும் அழிஞ்சு போச்சு. ஆச்சி சொல்லுறா வெள்ளைக் குளிசை பிறசருக்கெண்டு. எனக்கு எல்லாம் வெள்ளையாத்தான் கிடக்கு.”

சுருட்டுத் தொழிலாளியின் மரணத்துக்குப் பின் செயற்குழுவிலே முதலில் எழுந்த கேள்வி, அன்றிரவு கடமையிலிருந்தவர் யார் என்பதே. உறையை யார் கொண்டு வந்தார், யார் ஏற்றுக்கொண்டார், அலுமாரிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் எழவில்லை. கூலி குறைந்தவர் மீது குற்றஞ் சாட்டுவது எப்போதும் இலகுவானது. இங்கிலாந்திலே, பரிசோதகர்களும் சட்டங்களும் நிறைந்த அந்த நாட்டிலே, 55 முதியோர் இல்லங்களில் 256 பேரை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, பத்தில் ஏழு பேருக்கு மருந்து விடயத்தில் குறைந்தது ஒரு தவறேனும் நேர்ந்திருப்பது காணப்பட்டது. எழுதிக் கொடுத்தவர், மருந்து கட்டியவர், கொடுத்தவர், கண்காணிக்க வேண்டியவர் என எல்லாப் படியிலும் தவறு இருந்தது. அங்கேயே அப்படியெனில், மூன்று பேணிக்கும் நடுவிலே தனியாக நிற்கும் ஒரு பெண்ணை நோக்கி விரல் நீட்டுவது என்ன நீதி? இதைச் செயற்குழுவிலே சொன்னோம். சிலருக்கு அது பிடிக்கவில்லை.

வெளிநாட்டுச் சூட்கேஸ்களிலே வந்த மருந்துகள் தனிக் கதை. கோடை விடுமுறைக்கு ஊர் வருவோர் அன்போடு கொண்டு வந்து கொடுத்தவை. ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் எழுதப்பட்ட பெட்டிகள். ஆசிரியர்களாகிய நமக்கே பெயர் புரிய அகராதியும் கைத்தொலைபேசியும் தேவைப்பட்டன. கனடாவிலிருந்து வந்த தைலனோல் என்ற மருந்தின் மேல் அசற்றமினோபென் என்று எழுதியிருந்தது. அது வேறொன்றுமன்று, நமது பரசிற்றமோல்தான். பெட்டிக்கடையிலே பனடோல் என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான். மூன்று பெயரையும் மூன்று மருந்தென்று எண்ணி மூன்றையும் ஒருவருக்குக் கொடுத்தால் ஈரல் கெடும். இந்த நாட்டிலே பேராசிரியர் சேனக பிபிலே எதற்காகப் போராடினார் என்பதை நாம் அந்த மேசையருகே நின்று மாணவருக்கு விளங்கப்படுத்த நேர்ந்தது. வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து 1971ஆம் ஆண்டில் அவர் சமர்ப்பித்த அறிக்கையும், அதே ஆண்டில் அவர் தலைமையிலே தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும், ஒரு மருந்துக்குக் கம்பனிகள் இடும் நூறு வர்த்தகப் பெயர்களை விலக்கி அதன் பொதுப் பெயராலேயே வழங்க வேண்டுமென்ற கொள்கையை நிலைநாட்ட முயன்றன. பன்னாட்டுக் கம்பனிகள் அதனை எப்படி எதிர்த்தன என்பது வரலாறு. பிபிலே 1977ஆம் ஆண்டில் கயானாவிலே காலமானார். அவருடைய கொள்கை மருந்தின் விலையைப் பற்றியது மட்டுமே என்று எண்ணியிருந்த மாணவருக்கு, அது ஓர் ஆச்சியின் ஈரலைப் பற்றியதுமாகும் என்பது அன்று புரிந்தது.

வேண்டாத மருந்தைத் தர்மமென்று அனுப்புவது நமது உறவினர் மட்டும் செய்யும் காரியமன்று. அதனை அரசுகளும் நிறுவனங்களும் பெரிய அளவிலே செய்திருக்கின்றன. 1992க்கும் 1996க்கும் இடையில் போஸ்னியப் போரின்போது ஏறத்தாழ 17,000 மெற்றிக் தொன் பயனற்ற மருந்துகள் நன்கொடை என்ற பெயரிலே அங்கு குவிந்தன. அவற்றை அழிக்கும் செலவு பெற்றவர் தலையிலே விழுந்தது. அனுப்பியவரோ தம் நாட்டிலே அழிக்கும் செலவை மிச்சம் பிடித்தார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்திலும் இதே கதை நடந்தது. உலக சுகாதார நிறுவனம் 1996ஆம் ஆண்டிலேயே விதி வகுத்திருக்கிறது: கேட்டதையே கொடு, வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிஞ்சியிருக்க வேண்டும், நோயாளரிடமிருந்து மிஞ்சியதைக் கொடாதே. இந்த மூன்று விதியையும் பெரிய எழுத்தில் எழுதி மாணவர்கள் இல்லத்து வாசலிலே, உபகாரிகளின் பெயர் எழுதும் கரும்பலகைக்குப் பக்கத்திலே ஒட்டினார்கள்.

பிரித்து முடிந்தது. மேசையின் ஒரு பக்கத்திலே நான்கு உரப்பைகள் நிறைய அகற்ற வேண்டிய மருந்து. அவற்றை எங்கே போடுவது?

இல்லத்திலே அதுவரை இருந்த வழக்கங்கள் மூன்று. குழி வெட்டிப் புதைப்பது, வளவு மூலையிலே குப்பையோடு கொளுத்துவது, பாணி மருந்தை மலகூடத்திலே ஊற்றுவது. இம்மூன்றும் நமது மண்ணுக்கு ஒவ்வாதவை. யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. காலடியிலுள்ள சுண்ணக்கல்லின் பிளவுகளுக்கூடாக மழைநீர் இறங்கித் தேங்கும் நிலத்தடி நீரே நமக்குள்ள ஒரே செல்வம். கல்லிலே ஓட்டை, மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே போகும். மலக்குழிகளாலும் உரத்தாலும் நமது கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பது பல ஆண்டுகளாய்ப் பேசப்படுகிறது. சுன்னாகத்துக் கிணறுகளிலே எண்ணெய் மிதந்த கதையும் மறக்கக்கூடியதன்று. இல்லத்து மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலே நாம் அடியளந்து பார்த்தோம். இருபது அடிகூட இல்லை. சில வலிமையான மருந்துகளை மலகூடத்திலே ஊற்றிவிடலாம் என்று அமெரிக்காவிலே சொல்லும் ஆலோசனை, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் குழாய் உள்ள ஊருக்குரியது. கொளுத்துவதோ, குளிசை அட்டைகளின் பிளாஸ்ரிக் எரிந்து எழும் நச்சுப் புகையை, மூச்சு வாங்கும் கிழவரின் கட்டிலுக்கே கொண்டு வரும். மருந்து உயிரினங்களிடையே போய்ச் சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். மாட்டுக்குக் கொடுத்த டைக்குளோபினக் என்ற நோவு மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்ததை 2004ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். அதற்குள்ளே இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் சில கழுகினங்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்து விட்டிருந்தன.

இங்கே ஒரு நியாயத்தையும் மறக்கலாகாது. ஐதராபாத்துக்கு அண்மையிலுள்ள பட்டன்செருவிலே, மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு நீர் சுத்திகரிக்கப்பட்டு வெளியேறும் இடத்தில், சிப்ரோபுளொக்சசின் என்ற அன்ரிபயோற்றிக் லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கூறிற்று. அந்த வெள்ளத்தின் முன் நமது நான்கு உரப்பை எம்மாத்திரம்? பெரிய கைகள் செய்யும் கேட்டுக்குச் சிறிய கைகளை மட்டும் கட்டிப் பயனில்லை. ஆனாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள் அந்த 34 பேர்தான்.

ஆகவே வழி தேடிப் புறப்பட்டோம். மருந்தைக் கடையிலே திருப்பிக் கொடுக்கப் போனோம். விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். உள்ளூராட்சி அலுவலகத்திலே, மருந்து குப்பையல்ல, ஆஸ்பத்திரிக்குரியது என்றார்கள். ஆஸ்பத்திரியொன்றிலே, வெளியார் கழிவை ஏற்க அதிகாரமில்லை, மேலிடத்துக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுதினோம். பதில் வரவில்லை. மருந்துகளை ஒழுங்குபடுத்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. மருந்து நாட்டுக்குள் வரும் வாசலிலே இத்தனை காவல். அது ஒரு கிராமத்து இல்லத்திலிருந்து வெளியேற வேண்டிய வாசல் எதுவென்று நாம் கேட்ட எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. 1,000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலே எரிப்பதே தக்க வழி. புத்தளத்துச் சீமெந்துச் சூளையிலே தொழிற்சாலைக் கழிவுகளை அவ்வாறு எரிக்கிறார்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் சூளை 1990இல் அணையாதிருந்தால் நமக்கும் அருகிலே ஒன்று இருந்திருக்கும் என்று ஒரு நண்பர் பெருமூச்செறிந்தார். அந்தச் சூளைக்காக அகழப்பட்ட சுண்ணக்கல்லையும் சேர்த்து நினைவூட்டினோம்.

முடிவிலே, வேறோர் ஆஸ்பத்திரியின் மருந்தாளர் ஒருவர் தமது மேலதிகாரியோடு பேசி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பட்டியலோடு கொண்டு வந்தால் தமது கழிவுகளோடு சேர்த்து அனுப்புவதற்கு இணங்கினார். சட்டத்தினால் அன்று, ஒரு மனிதரின் நல்லெண்ணத்தினால். அவர் இடமாற்றமாகிப் போனால் நாளை என்ன நடக்கும் என்பது தெரியாது. தனி வீடுகளில் உள்ளோருக்கு அவர் சொன்ன வழி வேறு: ஒன்றிரண்டு அட்டை மட்டுமே மிஞ்சினால், குளிசையை அட்டையிலிருந்து எடுத்து, நனைந்த தேயிலைச் சக்கையோடோ மண்ணோடோ கலந்து, இறுகக் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுக்கலாம், பிள்ளையும் நாயும் எடுத்துத் தின்னா. உறையிலுள்ள பெயரைக் கிழித்துவிட வேண்டும். ஊசிகளை மட்டும் தடித்த பிளாஸ்ரிக் போத்தலிலே போட்டு மூடிக் கிளினிக்கிலே ஒப்படைக்க வேண்டும். குப்பை பொறுக்குபவரின் விரலும் விரல்தான்.

இப்போது இல்லத்திலே அலுமாரி அடுப்படிச் சுவரை விட்டு வடக்குப் பக்கத்து அறைக்கு மாறியிருக்கிறது, பூட்டும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித் தட்டு, தனிப் பெயர். முதலில் முடியும் திகதி முன்னுக்கு. கண் மருந்தையும் இன்சுலினையும் திறந்த அன்றே திறந்த திகதியை எழுத வேண்டும். திகதி கடந்தது சிவப்புப் பெட்டிக்குப் போகும்; ஒரு கொப்பியில் மருந்தும் தொகையும் எழுதி இருவர் கையொப்பம் வைப்பார்கள். ஒருவர் இறந்தால் அவருடைய மருந்தை ஒரு வாரம் தனியே வைத்திருந்தே அகற்றுவார்கள். மரண விசாரணை வந்தால் தேவைப்படும். சுருட்டுத் தொழிலாளியின் உறையை எவரும் அப்படி வைத்திருக்கவில்லை. மறுநாளே யாரோ கூட்டி அள்ளிவிட்டார்கள்.

ஓர் இடத்திலே மட்டும் இந்த ஒழுங்கு தடைப்பட்டது. ஓர் ஆச்சி தலையணைக்குக் கீழே விற்றமின் குளிசைப் போத்தலொன்றை வைத்திருந்தார். 2019இலேயே திகதி முடிந்தது. கேட்டதும் நெஞ்சோடு அணைத்துக் கொண்டார்.

“எறியாதை மோனை. என்ரை பெடியன் லண்டனிலையிருந்து அனுப்பினது. அவன் வரேக்கை காட்டோணும்.”

மாணவர்கள் திகதியின் பொருளை விளங்கப்படுத்தத் தொடங்கினார்கள். பராமரிப்பாளர்தான் அவர்களைத் தடுத்தார். இல்லத்திலே வாழ்பவரின் மருந்து அவருடைய சொத்து. பறிக்க நமக்கு உரிமையில்லை என்பதைப் படிக்காமலே அறிந்திருந்தார். ஆச்சியின் பக்கத்திலே இருந்து, குளிசைகளை ஆச்சியின் கையாலேயே எண்ணுவித்து, கொப்பியிலே எழுதி, போத்தலைக் கழுவித் துடைத்து, பெயர்த் தாளோடு திரும்பக் கொடுத்தார். அதனுள்ளே ஆச்சி இப்போது தம் தோட்டையும் சில சில்லறைக் காசையும் வைத்திருக்கிறார். குளிசைகள் சிவப்புப் பெட்டியிலே.

செயற்குழு நீண்ட விவாதத்தின் பின் வெளிநாட்டு நலன்விரும்பிகளுக்கு ஒரு கடிதம் எழுத இணங்கியது. வாசகத்தை நாம் எழுதினோம், கையொப்பம் பொருளாளருடையது. மிஞ்சிய மருந்துகளை அனுப்ப வேண்டாமென்றும், கேட்ட மருந்தாயின் திறக்கப்படாததாய், பொதுப் பெயரோடு, ஓராண்டாவது ஆயுள் உள்ளதாய் இருக்க வேண்டுமென்றும் அதிலே சொல்லப்பட்டது. அதன் கீழே இல்லத்துக்கு உண்மையில் வேண்டியவை குறிக்கப்பட்டன: சக்கர நாற்காலி இரண்டு, மருந்துக்கென ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி, சவர்க்காரம், பராமரிப்பாளர் மூவருக்கும் மருந்து கையாளும் பயிற்சிக்கான செலவு, இரவுக் கடமைக்கு மேலும் ஒருவரின் மாதச் சம்பளம். கடைசி இரண்டையும் நீக்கிவிடலாமா என்று பொருளாளர் கேட்டார், நீக்கவில்லை.

சக்கர நாற்காலிகள் வந்துவிட்டன. குளிர்சாதனப் பெட்டிக்கு இருவர் பணம் அனுப்பினார்கள். அவர்களுடைய பெயர்கள் கரும்பலகையில் உள்ளன. சம்பளத்தைப் பற்றி இதுவரை எவரும் எழுதவில்லை.